அக்கா கேட்ட டைம்-அவுட்

என் அக்கா கோப்பை வாங்குகிற போட்டோக்கள் எல்லாவற்றிலும் ஒரே முகம்தான். சுற்றி நிற்கும் பெண்கள் குதித்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தி இன்னொருத்தியின் முதுகில் ஏறியிருப்பாள், கல்லூரி முதல்வர் தலைகால் புரியாமல் கையை ஆட்டிக்கொண்டிருப்பார். நடுவில் அக்கா பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி நிற்பாள். "கொஞ்சம் சிரிச்சாத்தான் என்னக்கா, சொத்தா கரைஞ்சு போயிடும்?" என்று கேட்டிருக்கிறேன். "வரலையேடி" என்பாள். பார்த்தவர்கள் எல்லாம் திமிர் என்றார்கள். திமிரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நிஜமாகவே அவளுக்கு வரவில்லை.

பிறவியிலேயே அப்படிப்பட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். மகளிர் கூடைப்பந்து பயிற்சியாளர் என்று அந்தக் கல்லூரியில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அணி என்று ஒன்றே கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வெடித்துப்போன சிமென்ட் தரை, வலை இல்லாத இரண்டு வளையங்கள், அவ்வளவுதான் இருந்தது. வாத்தியார்கள் பைக் நிறுத்துகிற இடமும் அதுதான். அக்கா தினமும் ஒவ்வொரு பைக்காகத் தள்ளி ஓரம் கட்டிவிட்டு, தரையைப் பெருக்கிவிட்டு, அப்புறம்தான் பந்தைத் தொடுவாள். ஒரு நாள் கணக்கு வாத்தியார் வந்து, "என் வண்டியில எவ கை வச்சது?" என்று கத்தியிருக்கிறார். "நான்தான் சார். நாளைக்கும் வைப்பேன்" என்றாளாம். மறுநாளிலிருந்து அவர் வண்டி வாசல் பக்கம் போய்விட்டது.

ஆட்களையும் அப்படித்தான் பிடித்தாள். உயரமான பெண் ஒருத்தியைச் செருப்புக் கடையில் பார்த்துவிட்டு, இவள் நம் கல்லூரிதானே என்று விசாரித்து, அவள் அம்மாவிடம் போய் நின்றாள். "அவ விளையாடப் போயிட்டா சாயங்காலம் கடையில யாரு நிப்பா?" என்று அந்த அம்மா கேட்க, "ஞாயித்துக்கிழமை பூரா நான் நிக்கிறேன், மத்த நாள் அவளை விடுங்க" என்று இவள் சொல்ல, அந்த வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் என் அக்கா செருப்பு விற்றாள். நன்றாகவே விற்றாள் என்று அந்த அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

நான் தையல்காரி. அணியின் பனியன்களுக்கு எண் தைப்பது என் பொறுப்பு. ஆட்டத்தின் நடுவில் கிழிந்தால் தைக்க ஆள் வேண்டும் என்று ஒவ்வொரு போட்டிக்கும் என்னை இழுத்துக்கொண்டு போவாள். பெஞ்சில் உட்கார ஏதாவது பதவி வேண்டுமாம், அதனால் என்னை மேனேஜர் ஆக்கிவிட்டாள். ஆட்டத்தில் எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது, ஆனால் மேனேஜர்! உட்கார்ந்து உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன்.

முதல் கோப்பை வாங்கிய அன்று என் தோளில் சாய்ந்து அக்கா அழுத அழுகையில் என் ரவிக்கையே நனைந்துபோனது. இரண்டாவதற்குக் கண் மட்டும் கலங்கினாள். அப்புறம் வரிசையாகக் கோப்பைகள் வந்தன, அலமாரி போதாமல் முதல்வர் அறையில் புதிதாகச் செய்தார்கள். அக்கா மட்டும், ஆட்டம் முடிந்த கையோடு பெண்கள் கழற்றிப் போட்ட துண்டுகளை மடிக்க ஆரம்பித்துவிடுவாள். "என்னமோ மரத்துப் போச்சுடி" என்றாள் ஒரு தடவை. "பல் டாக்டர் ஊசி போட்டா கன்னம் இருக்குமே, அப்படி. தட்டினா தட்டுறது தெரியுது, வேற ஒண்ணும் தெரியல." டாக்டரிடம் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் குறையில்லை, ஓய்வெடுக்கச் சொல்லுங்கள் என்றார். ஓய்வாவது ஒன்றாவது! அடுத்த வாரமே காலைப் பயிற்சியை இன்னும் சீக்கிரம் ஆரம்பித்தாள்.

அவளுக்கு ஒரே மகள். பிறந்தபோது உள்ளங்கையளவு இருந்ததால் பொடிசு என்று கூப்பிட ஆரம்பித்தோம். இப்போது நிலையில் தலை இடிக்கிற உயரம், ஆனாலும் பொடிசுதான். தவழ்ந்ததே அந்த சிமென்ட் தரையில். அம்மா கையில் ஆட வேண்டும் என்றே அதே கல்லூரியில் சேர்ந்தாள். அணிக்கு ஆள் எடுக்கிற அன்று பெண்களை வரிசையாக நிற்க வைத்து, "நீ இரு", "நீ போகலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்த அக்கா, பொடிசின் முன்னால் வந்து, "நீ போகலாம்" என்றாள்.

அன்று வீட்டில் நான் சும்மா விடவில்லை. "அக்கா, அவ நீ பெத்த பொண்ணு!"

"எடுத்தா பொண்ணுன்னு எடுத்தேன்பாங்க. அதுவுமில்லாம, அவ இன்னும் பத்தலடி."

அடுப்படியில் நின்ற பொடிசு காதில் அது விழுந்துவிட்டது. வெளியே வந்தாள். "பத்தலையா? நல்லா ஆடுறேன்னு ஒரு தடவை உன் வாயால சொல்ல வைக்கிறேனா இல்லையா பாரு" என்றாள். நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிற கல்லூரிக்கு மாறி, விடுதிக்குப் போய்விட்டாள். அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமாதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பாவம், அவருக்கு இரண்டு பேரிடமும் பேச்சு எடுபடாது. லீவுக்கு வருவாள், என்னிடம் வாய் ஓயாமல் பேசுவாள், அம்மாவிடம் மட்டும் "ம்", "வேணாம்". ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை முறுக்கு. "சொல்லித் தொலையேன்க்கா, வாய் என்ன வெந்தா போயிடும்?" என்பேன். "நல்லா ஆடட்டும், சொல்றேன்" என்பாள்.

பொடிசின் கடைசி வருஷம், இறுதி ஆட்டத்தில் இரண்டு கல்லூரிகளும் நேருக்கு நேர் வந்து நின்றன.

சும்மா சொல்லக் கூடாது, பொடிசு அன்று ஆடியது ஆட்டம். எங்கள் பெண்கள் இரண்டு பேர் மறித்தும் நடுவில் புகுந்து போனாள். அக்கா மடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். முடிய இன்னும் சில நொடிகள் இருக்கும்போது நாங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால். பொடிசு பந்தோடு பாய்ந்தாள், எங்கள் பெண் ஒருத்தி அவள் கையில் அடித்துவிட்டாள். ஃபவுல். கோட்டில் நின்று, யாரும் மறிக்காமல், இரண்டு தடவை எறியலாம். ஒன்று விழுந்தால் சமன், இரண்டும் விழுந்தால் அவர்கள் ஜெயித்தார்கள். பொடிசு உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, சொந்த வீட்டுக்குள் நடப்பது போலக் கோட்டுக்கு நடந்து வந்தாள். மேனேஜர் பதவி நாசமாய்ப் போகட்டும், எனக்கு இரண்டும் விழ வேண்டும் என்றுதான் இருந்தது.

அக்கா எழுந்து மேஜைக்குப் போய் டைம்-அவுட் கேட்டாள். ஒரு நிமிஷம் ஆட்டம் நிற்கும்.

பெண்கள் ஓடிவந்து அவளைச் சுற்றி நின்றார்கள். "மேடம், என்ன பண்ணணும்?" என்றாள் கேப்டன்.

"தண்ணி குடிங்க" என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிஷம் எங்களுக்கானதே இல்லை. எறியப் போகிறவளைக் காக்க வைத்து, யோசிக்க வைத்து, கையைச் சில்லிட வைப்பதற்கான நிமிஷம். அதையும் அக்கா கண்டவளுக்குச் செலவழிக்க மாட்டாள். சுமாராக எறிகிறவளை அவள் பாட்டுக்கு விட்டுவிடுவாள், தானே தவற விடுவாள் என்று. கண்டிப்பாகப் போட்டுவிடுவாள் என்று தோன்றுகிறவளுக்குத்தான் டைம்-அவுட் கேட்பாள்.

மணி அடித்தது. பொடிசு முதல் பந்தை எறிந்தாள், வளையத்தின் பின்பக்கம் மோதித் திரும்பியது. இரண்டாவது வளையத்தைத் தொடவே இல்லை. பந்து எங்களுக்கு வந்தது, மிச்ச நொடிகளும் ஓடி ஆட்டம் முடிந்தது. கூச்சல் காதைப் பிளந்தது. அக்கா துண்டு மடிக்க ஆரம்பித்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் அவள் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி எறிந்தேன். "நீயெல்லாம் ஒரு தாயா?"

அவள் என்னைப் பார்த்தாள். "ரெண்டையும் போட்டிருப்பாடி. இத்தனை வருஷத்துல அந்தக் கோட்டுக்கு அப்படி நடந்து வந்தவளை நான் பாத்ததே இல்ல. என் கையில ஆடினவ எவளும் அவ கால்தூசி பெறமாட்டா."

"அதை அவகிட்ட போய்ச் சொல்லேன், புண்ணியமாப் போகும்!"

"இப்ப சொன்னா ஆறுதலுக்குச் சொல்ற மாதிரி இருக்கும்." குனிந்து துண்டை எடுத்தாள். "அவ தவறவிட்டப்ப எனக்கு ஏதாவது ஆகும்னு காத்துக்கிட்டே நின்னேன். ஒண்ணுமே ஆகலடி. அதான் பயமா இருக்கு."

அவளோடு பேசிப் பயனில்லை என்று நானே அவர்கள் அணியின் அறைக்குப் போனேன். பொடிசு ஷூவைக்கூடக் கழற்றாமல் தனியாக உட்கார்ந்திருந்தாள். "நீ ரெண்டையும் போட்டிருப்பேன்னு சொல்றாடி உங்கம்மா. உன்ன மாதிரி எவளும் இல்லையாம்" என்றேன்.

"தெரியும் சித்தி. டைம்-அவுட் கேட்டப்பவே தெரிஞ்சிடுச்சு." அவள் முகத்தில் அழுகையும் இல்லை, ஒன்றும் இல்லை. "எங்க கோச் என்னென்னமோ சொன்னாங்க, ஒண்ணும் காதுல ஏறல. அம்மா எனக்குப் போய்ப் பயந்துட்டா, எனக்குப் போய்ப் பயந்துட்டான்னு அதுவேதான் ஓடிச்சு. சந்தோஷத்துல கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. என்ன பண்ணியும் நிக்கல."

கையை நீட்டிக் காட்டினாள். இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் அதை இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா சந்தோஷமா இருக்காளா சித்தி?" என்று கேட்டாள்.

இருக்கிறாள் என்று சொன்னேன்.