கொழுப்பு சேராத செல்கள்

கொழுப்பைக் குறைக்க ஊரே ஓடிக்கொண்டிருக்கும்போது, கொழுப்பு சேரவில்லையே என்று கவலைப்படுவதற்குச் சம்பளம் வாங்குபவர் சிவகாமசுந்தரி. வயது ஐம்பத்தொன்று. வீடு சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில். ஓர் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எலிச் செல்களை வளர்த்துக் கொடுக்கிறார். மருந்து ஊற்றினால் அவை பத்து நாளில் கொழுப்புச் செல்களாக மாறும். சாயம் போட்டால் கொழுப்பு சிவப்பாகத் தெரியும்.

அவருடைய தட்டுகளை வேறு யாரும் தொடக் கூடாது. அந்தப் பிடிவாதம்தான் வினையாயிற்று.

செல்கள் ஒன்றையொன்று நெருக்குவதற்குள் அவற்றைப் பிரித்துப் புதுத் தட்டுகளில் விட்டுவிட வேண்டும். நெரிசலில் கிடந்தவை பிறகு கொழுப்புச் சேர்க்கத் தெரியாமல் விழிக்கும். ஓர் ஆண்டு தீபாவளி ஞாயிறன்று வந்ததால் திங்களும் விடுமுறை. உடன் வேலை செய்யும் சீனப் பெண் தான் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். இவர் வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தேக்கா சந்தைக்குப் பூ வாங்கப் போய்விட்டார். செவ்வாயன்று வந்து பார்த்தால் தட்டில் இடமே இல்லை. தூக்கிப் போட்டிருக்க வேண்டும். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, வழக்கம்போல் சிறு குழாய்களில் அடைத்து, லேபிள் ஒட்டி உறையவைத்துவிட்டார்.

அந்தக் குழாய்களில் ஒன்றுதான் ரோஷினிக்குப் போனது. முனைவர் பட்ட மாணவியான ரோஷினி ஆராய்ந்தது ஒரு தாங்கு புரதத்தை. கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறார்களே, அதுபோல மற்றப் புரதங்களை ஓரிடத்தில் பிடித்து நிறுத்தி வேலை வாங்குவது அது. இந்தக் குழாயின் செல்களில் அந்தப் புரதத்தை நீக்கினார், கொழுப்பு சேரவில்லை. புரதத்தை நீக்காமல் ஒப்பிட வைத்திருந்த செல்களில் நன்றாகச் சேர்ந்தது. அவை பழைய, நல்ல குழாயிலிருந்து வந்தவை என்பதை யாரும் யோசிக்கவில்லை. பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். ரோஷினி எழுதிய கட்டுரையின் வரைவில் சிவகாமசுந்தரியின் பெயரும் இருந்தது.

அதைப் படித்தபோதுதான் ரோஷினிக்குப் போனது எந்தக் குழாய் என்று அவருக்குப் புரிந்தது. நெரிசலில் கிடந்த செல்கள் இன்னும் ஒரு குழாய் மிச்சமிருந்தன. அவற்றில் புரதத்தை யாரும் நீக்கவில்லை. அவை கொழுப்புச் சேர்த்தால் ரோஷினி சொல்வது சரி. சேர்க்காவிட்டால் குற்றம் தன்னுடையது. யாரிடமும் சொல்லாமல் வளர்த்து, மருந்து ஊற்றி, பத்தாம் நாள் சாயம் போட்டுக் கழுவினார். தட்டு வெளுத்துக் கிடந்தது.

மறுநாள் ரோஷினியைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டி, நடந்ததையெல்லாம் சொன்னார். ரோஷினி தட்டை மூடித் தள்ளிவைத்தார். அந்தக் கட்டுரை அவருடைய மூன்று வருட உழைப்பு.

“இத யாரும் கேக்க மாட்டாங்க, அக்கா. பேப்பர சப்மிட் பண்ணிடலாம்லா.”

“புரொஃபசருக்குக் காலையிலேயே மெயில் போட்டுட்டேன்மா. தப்பு என்னோடதுன்னு எழுதிட்டேன்.”

ரோஷினி எழுந்து போய்விட்டார். இரண்டு வாரம் இவர் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இவரும் போய்ச் சமாதானம் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது?

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை ரோஷினி வந்து மேசையருகே நின்றார்.

“முதல்லேருந்து ஆரம்பிக்கணும். செல் நீங்களே வளர்த்துக் குடுங்க, அக்கா.”

சிவகாமசுந்தரிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.