சத்தமில்லாத பெட்டி

வளைகுடாவில் நான் பார்த்துவந்த சர்வர் அறையை ஒருநாள் மூடினார்கள். இனி ஒரே மெஷினுக்குள் பத்து மெஷின் ஓடும், நீ வேண்டாம் என்பதுதான் விஷயம். கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள். ஊருக்கு வந்து சேர்ந்தேன். என்னைத் துரத்திய வித்தையையே கற்றுக்கொண்டால்தான் அடுத்த வேலை என்று ஆனது.

பழகிப் பார்க்க ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்ட பழைய சர்வர் ஒன்றைக் கொண்டுவந்தேன். அதற்குள் விர்ச்சுவல் மெஷின்களை உண்டாக்கி, ஒன்றோடு ஒன்றைப் பேசவிட்டு, கெடுத்து, மறுபடி உண்டாக்குவேன். வேலை நன்றாகத்தான் செய்தது. ஆனால் அதன் ஃபேன் போட்ட கூச்சல் இருக்கிறதே, ரைஸ் மில் தோற்றுவிடும்.

நாகர்கோவிலுக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவில் எங்கள் வாடகை வீடு. படுக்கவும் உட்காரவும் ஒரே அறை. மனைவி நர்ஸ், அந்த வருஷம் முழுக்க நைட் டூட்டி. காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு, நான் மெஷினோடு மல்லுக்கட்டும் அதே அறையில் படுப்பாள். அடிக்கடி விழித்துக்கொள்வாள். ஒருநாள் பஸ்ஸில் உறங்கிப்போய் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, ஆரல்வாய்மொழியில் இறங்கித் திரும்பி வந்தாள்.

"ஊசி எடுக்கும்போ கண்ணு சொக்குது. யாருக்காவது மாத்திப் போட்டிருவேனோண்ணு பயமா இருக்கு" என்றாள்.

சோறு போடுகிறவளின் உறக்கத்தைக் கெடுக்கிறேன் என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. சத்தமே போடாத ஒரு மெஷினைக் கட்டுவதென்று இறங்கினேன். அகலமான தோசைத் தட்டுக்குள் அடங்கும் சின்ன போர்டு, கரண்ட் குறைவாகக் குடிக்கும் பிராசசர், சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சுழலாத எஸ்.எஸ்.டி., நிறைய மெமரி. ஃபேன் கிடையாது. சூட்டை வெளியே இழுக்க அலுமினியத்திலேயே பெட்டி செய்ய வேண்டும். ஜன்னல் செய்கிற கடையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் பொறுக்கினேன்.

"இது என்னது மக்கா, மீட்டர் பெட்டியா?" என்றார் கடைக்காரர்.

"கம்ப்யூட்டர்."

"ஃபேன் இல்லாமலா? வெந்து போவும்லா."

அவர் சொன்னபடியே முதலில் வெந்தது. பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தி, மேலும் கீழும் துளை போட்டு, ஜன்னலோரம் வைத்தேன். கணவாய் வழியாக ஓயாமல் வீசும் எங்கள் பக்கத்துக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. நான்கு விர்ச்சுவல் மெஷின் ஓடியும் மூச்சு காட்டவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய சர்வரைத் துணியால் மூடி அடுக்களையில் தள்ளினேன்.

அவள் உறக்கம் இன்னும் மோசமானது. கண் அயர்வாள், திடுக்கென்று விழிப்பாள், என்னைப் பார்ப்பாள், மறுபடி மூடுவாள். மீன்காரரின் ஹாரனோ சர்ச் மைக்கோ அவளை எழுப்பியதே இல்லை. அப்புறம் எது எழுப்புகிறது? ஒரே பகலில் நான்காவது தடவை விழித்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சத்தமும் போச்சு. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

எழும்பி உட்கார்ந்தாள். "அது கத்திக்கிட்டு கிடந்தா, நீங்க இங்க இருக்கியண்ணு ஒறங்கிருவேன். அடிக்கடி கரண்ட் போவும்லா, அப்பம் அது நிண்ணாத்தான் முழிப்பேன். இப்பம் நீங்க இருக்கியளாண்ணு கண்ணத் தொறந்து பாத்தாத்தானே தெரியுது."

"நான் எங்க போகப் போறேன்?"

"ஊருக்கு வந்த புதுசில போனையும் வீட்டுல வச்சிட்டுப் போயி, பேச்சிப்பாறை அணைமேல தண்ணியப் பாத்துக்கிட்டு நிண்ணியளே. எனக்க சித்தப்பா பாத்துட்டுச் சொன்னாவ. உங்ககிட்ட கேக்க எனக்குத் தைரியம் வரல்ல."

யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். சும்மா காற்று வாங்கப் போனேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குப் பதிலாக நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். உறக்கத்திலும் கை தளரவில்லை. அவள் டூட்டிக்கு எழும்பும்வரை நான் ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்கவில்லை.