விறகடுக்குப் பக்கம் போகக்கூடாது

எங்கள் நாய்க்குட்டிக்கு முதலில் யாரும் ஒரு சட்டமும் போடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அக்கா எங்கே போனாலும் அது பின்னாலேயே போகும். அவள் தட்டில் வாய் வைக்கும், அவள் பாயிலேயே படுக்கும். ஜப்பான்காரன் அப்பாவை சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோன பிறகு அக்காவுக்கு ஆறுதலே அதுதான். அவளுக்கு அப்போது பதினைந்து வயது, எனக்கு ஆறு.

சிப்பாய்கள் வருகிற சத்தம் கேட்டால் அம்மா அக்காவை அடுப்படியில் விறகடுக்குக்குப் பின்னால் ஒளித்துவிடுவார். என்னை ஒளிக்கமாட்டார். நானும் பாவாடை கட்டிய பெண்தானே, அவளுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று எனக்குப் பெரிய மனத்தாங்கல்.

ஒருநாள் கோழி பிடிக்க வந்தவர்கள் வாசலில் நிற்கும்போதே குட்டி உள்ளே ஓடி, விறகைப் பிராண்டி, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. நல்லவேளை, அவர்கள் கண்ணெல்லாம் கோழி மேலேயே இருந்தது. அவர்கள் போன பிறகு, குட்டியை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடும்படி பக்கத்து வீட்டு அத்தை சொன்னார். அக்கா அதைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இருந்துட்டுப் போகட்டும். ஆனா இனிமே நீ அதத் தொடக்கூடாது, கொஞ்சக்கூடாது. கிட்ட வந்தா கால்ல தள்ளிவிடு" என்று அம்மா கடைசியில் அக்காவிடம் சொன்னார்.

மறுநாள் முதல் வாசலில் ஒரு கோணி விரிக்கப்பட்டது. அதுதான் குட்டிக்கு இடம். மரவள்ளிக்கிழங்கை அம்மாதான் வைப்பார். அவர் சொல்லும்வரை அது வாய் வைக்கக்கூடாது. அக்கா போய் ஒளிந்துகொள்வாள், குட்டி எழும், அம்மா அதன் கழுத்துக் கயிற்றை இழுத்து உட்காரச் சொல்வார். அசையாமல் இருந்தால் இன்னொரு துண்டு கிழங்கு, அதுவும் எங்களுக்கே போதாத கிழங்கு! அம்மா ஒருநாளும் அதை அடித்ததில்லை, ஆனால் லேசில் விட்டதுமில்லை. அது பழைய பழக்கத்தில் அக்காவின் காலைச் சுற்றும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளிவிடுவாள். அப்பாடா, அக்காவுக்கு அதைப் பிடிக்காமல் போய்விட்டது, இனி அது எனக்குத்தான் என்று நான் குதித்தேன்.

மழைக்காலத்தில் மறுபடியும் இரண்டு பேர் வந்தார்கள். அம்மாவும் நானும் இடுப்பை வளைத்துக் குனிந்து நின்றோம். ஒருவன் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தான். எங்களுக்குக் கேட்காத ஏதோ ஒன்று குட்டிக்குக் கேட்டிருக்க வேண்டும். காதை விடைத்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டது.

"உக்காரு" என்றார் அம்மா, தலையை நிமிர்த்தாமலே.

உடம்பெல்லாம் நடுங்க அது உட்கார்ந்தது. தனக்குத்தான் நாயும் மரியாதை செய்கிறது என்று அந்தச் சிப்பாய் நினைத்திருப்பான். சிரித்துவிட்டு, அதன் தலையில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஜப்பான்காரன் தோற்றுப்போனான் என்ற செய்தி வந்ததும், அக்கா ஒளிவு மறைவில்லாமல் வாசலில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு பிடி சோற்றை வைத்துக்கொண்டு "வாடா, வா" என்று குட்டியைக் கூப்பிட்டாள். அது கோணியை விட்டு எழவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

"போடா. அக்காதான், போ" என்றார் அம்மா.

அது எழுந்து போனது. கைக்கு எட்டாத தூரத்தில் நின்று, வாலை ஒடுக்கிக்கொண்டு தரையோடு படுத்துவிட்டது.

"அம்மா எவ்வளவு நல்லா பழக்கியிருக்காங்க, பாத்தியாக்கா?" என்று நான் பெருமையாகக் கேட்டேன். அக்கா நீட்டிய கையை மடக்கவில்லை. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். இவ்வளவு சொல்பேச்சு கேட்கிற நாயை வைத்துக்கொண்டு இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.