கண்ட்ரோல் ஷிஃப்ட் எம்

வடக்கனந்தல் மாயவனுக்கு வாய் இருக்கிறதா என்றே ஆபீசில் பலருக்குச் சந்தேகம். பதினைந்து வருஷம் சென்னையில் புரோகிராம் எழுதிவிட்டு, கொரோனா சமயத்தில் மனைவி கமலாவோடு சொந்த ஊருக்கு வந்தவர், அப்படியே தங்கி வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். மீட்டிங்கில் "ஆமா", "இல்ல", "முடிஞ்சிது". அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர் மடை திறந்தாற்போல் பேசுவார். புரோகிராம் கோடு எழுதும் எடிட்டரில் ஒரே விசை ஷார்ட்கட்டுக்கு இரண்டு மூன்று வேலைகள் போட்டி போட்டால் எது ஜெயிக்கும் என்பதுதான் அது. எடிட்டரோடு வந்த விதிகள் மேலே இருக்கும். நாம் கூட்டிச் சேர்த்த எக்ஸ்டென்ஷன் என்ற துணை மென்பொருள்களின் விதிகள் அதற்குக் கீழே. நம் கையால் எழுதியவை கடைசியில். எடிட்டர் அடியிலிருந்து மேலே தேடிக்கொண்டு போகும். முதலில் அகப்படுவதுதான் செல்லும். "நாம எழுதினதுதான் ஜெயிக்கும், தெரிஞ்சிக்கோங்க" என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

மாசியில் கமலா செத்துப்போனாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. காரியம் வரைக்கும் வீடு கொள்ளாத சனம்; ஆளுக்கொரு ஆறுதல் சொல்லி அவர் காதைப் புண்ணாக்கினார்கள். ஆபீசிலாவது யாரும் குரலைத் தாழ்த்தாமல் பேசட்டும் என்று நினைத்து, லீவுக்குக் காரணம் "சொந்த வேலை" என்று போட்டார். நினைத்தபடியே ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை. ஊர்க்காரர்களும் கரும்பு வெட்டு மும்முரத்தில் அவரவர் பாட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வீடு எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரிந்தது.

பேச ஆளில்லாமல் கமலாவிடமே பேச ஆரம்பித்தார். சமையற்கட்டை ஒட்டித்தான் மேசை. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் கோடு.

"கமலா, மலப்பக்கம் கறுத்துகினு வருது. கரண்டு பூடும்னு நெனக்கிறேன்." "இன்னா கமலா, இந்தப் பருப்பு வேகவே மாட்டேங்குது. நீ இன்னா வுடுவ அதுல?" "உப்பு ஜாஸ்தியா பூட்ச்சி. பரவால்ல, நீ ஒண்ணும் சொல்ல மாட்ட."

ஆவணியில் ஒரு தொல்லை வந்தது. எழுதிய புரோகிராமைச் சோதித்துப் பார்க்க அவர் வைத்திருந்த ஷார்ட்கட் கண்ட்ரோல் ஷிஃப்ட் எம். அது காலையில் மட்டும் மக்கர் பண்ணியது. காலை நேரத்தில் டீம் முழுவதும் ஒரே ஆன்லைன் காலில் சேர்ந்திருந்து, மைக்கை மூடிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்ப்பது வழக்கம். அப்போது அழுத்தினால் ஒன்றும் நடக்காது. மத்தியானம் அழுத்தினால் ஒழுங்காக ஓடும். மாயவன் எக்ஸ்டென்ஷன்களைச் சந்தேகப்பட்டு இரண்டைத் தூக்கி எறிந்தார். தன் விதியை அழித்துவிட்டுக் கடைசியில் மறுபடி எழுதினார். மத்தியானம் ஓடியதும் சரியாகிவிட்டது என்று நம்புவார். மறுநாள் காலையில் பழைய கதைதான். கோபத்தில் இரண்டு மூன்று தடவை அழுத்திவிட்டு, மெனுவுக்குள் போய்ச் சோதனையை ஓட்டுவார்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம், திண்டிவனத்திலிருந்து அதே டீமில் வேலை பார்க்கும் அம்சவள்ளி போன் பண்ணினாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மைக்கு காலைல அடிக்கடி தொறந்துக்குது. ரொம்ப நாளாவே."

"ரொம்ப நாளாவா? ஏன் யாரும் சொல்லல?"

"நீங்க கமலாக்காகிட்ட பேசறது கேக்க நல்லாருக்கும் சார். அதான் சொல்ல மனசு வரல. எங்க வூட்டுக்காரர்கிட்ட கூட, பொண்டாட்டிகிட்ட இப்டி பேசக் கத்துக்கோன்னு சொன்னேன்." சிரித்தாள். "நாளைக்கு அக்காவ கேமராவுல காட்டுங்க சார். எல்லாரும் கேட்டுகினு இருக்காங்க."

"அவ வயலுக்குப் போயிருக்கா" என்றார் மாயவன். பொய் தங்குதடையில்லாமல் வந்தது.

போனை வைத்துவிட்டுத் தேடினால், விஷயம் ஒரு நிமிஷத்தில் அகப்பட்டது. கால் பேசும் மென்பொருள் ஆவணியில் புதுப்பித்துக்கொண்டபோது, மைக்கைத் திறக்கவும் மூடவும் அதே கண்ட்ரோல் ஷிஃப்ட் எம்மை எடுத்துக்கொண்டிருந்தது. கால் ஓடும்போது எந்த ஜன்னலில் இருந்து அழுத்தினாலும் அதுதான் முதலில் பிடித்துக்கொள்ளும். எடிட்டருக்கு வந்து சேரவே சேராது. எடிட்டருக்குள் யார் பெரியவர் என்று கரைத்துக் குடித்தவர், வாசலிலேயே ஒருவன் மறித்துக்கொண்டதைப் பார்க்கவில்லை. கால் மென்பொருளிலிருந்து அந்த ஷார்ட்கட்டை எடுத்துவிட்டார்.

அப்புறம் வழக்கம்போல் "கமலா" என்று ஆரம்பித்தவர், அம்சவள்ளி சொன்னதை நினைத்து நிறுத்தினார். டீமில் இருக்கும் அந்த ஏழெட்டுப் பேருக்கு மட்டும் அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். வயலுக்குப் போகிறாள், பருப்பு வேகவில்லை என்றால் கேட்டுக்கொள்கிறாள். கேமரா ரிப்பேர் என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். இன்னும் கொஞ்ச நாள் அவளை அங்கே வைத்திருக்கலாம். அந்த ஆசை வந்தபோது அவருக்கே அவமானமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை.

மறுநாள் காலையில் கண்ட்ரோல் ஷிஃப்ட் எம் ஒரே அழுத்தில் வேலை செய்தது. மைக் மூடியே இருந்தது. வெளியே கரும்பு டிராக்டர் ஒன்று மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

"சார், அக்கா வந்தாச்சா?" என்று கேட்டாள் அம்சவள்ளி.

மாயவன் மவுசை நகர்த்தி, தானே மைக்கைத் திறந்தார்.

"வரலம்மா. கமலா செத்து ஒம்பது மாசம் ஆவுது. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

யாரோ மைக்கைத் திறந்தார்கள். உடனே மூடினார்கள். மாயவன் தன் மைக்கை மூட மறந்து, எழுந்துபோய் அடுப்பில் இருந்த பருப்பைக் கிண்டினார். கரண்டி பாத்திரத்தில் படும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"சார்" என்றாள் அம்சவள்ளி. "பருப்பு வெந்துச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"ஒரு சொட்டு வெளக்கெண்ண வுடுங்க சார். வெந்துடும்."