தவிட்டு அறையில் ஒரு கம்பெனி

என் மகனும் மருமகளும் ஆரம்பித்த கம்பெனிக்கு உண்மையில் இடமே தேவையில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வடநாடு முழுக்கப் போகின்றன. எந்த வண்டி எந்தக் காட்டில் நிற்கிறது, டீசல் எவ்வளவு குடித்தது என்பதை முதலாளி வீட்டில் இருந்தபடியே செல்போனில் பார்த்துக்கொள்ளலாம். அதுதான் இவர்கள் விற்கும் சரக்கு. மடியில் வைக்கிற கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் போதும், கட்டிலில் சாய்ந்துகொண்டே வியாபாரம் நடக்கும்.

ஆனால் சர்க்கார் அப்படி விடுமா? கம்பெனி என்றால் அதற்கு ஒரு வாசல் வேண்டும், வாசலில் போர்டு தொங்க வேண்டும், கடுதாசி வந்தால் வாங்க வேண்டும் என்று சேலத்து ஆடிட்டர் சொல்லிவிட்டார். பதிவு அலுவலகம் என்று அதற்குப் பேராம்.

அந்தப் போர்டு எங்கள் வாசலில்தான் தொங்கும் என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். பையன் என் பையன், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் மருமகளும் கம்பெனியில் சரிபாதி டைரக்டர். அவளைப் பெற்ற அம்மா, என் சம்பந்தி, ராசிபுரத்தில் நெய் வியாபாரம் செய்கிறவர். புதிதாக மாடி வீடு கட்டியிருக்கிறார். தரையில் குனிந்தால் முகம் தெரியும். அவரும் ஒரு முடிவோடுதான் இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெய்த் தூக்கோடு வந்து, சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"ஏனுங்க சம்பந்தி, எங்கூட்டு மாடி சும்மாதான கெடக்குது. பஸ் ஸ்டாண்டுல எறங்குனா நடந்தே வந்தர்லாம். உங்கூட்டுக்கு வரோணும்னா மினி பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்கோணுமுங்க."

"வரப்போறது கடுதாசிங்க. அதுக்கு உக்கார சீட்டா வேணும்?" என்றேன்.

"அதுக்கில்லீங்க. கம்பெனின்னா ஒரு இது வேண்டாமுங்களா? சாணி வாசம் அடிக்கிற எடத்துல..."

"உங்க கடை நெய்யி எங்கிருந்துங்க வருது?"

சம்பந்தி ரசத்தை எடுத்துக் குடித்தார்.

அந்த நேரம் பார்த்து ஆடிட்டர் போன் செய்தார். மகன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டான்.

"ஊட்டுக் கரண்டு பில்லு யாரு பேர்ல இருக்குதுங்க? அவங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கோணும்."

"எங்க தாத்தா பேர்லீங்க."

"அப்ப அவருகிட்டக் கையெழுத்து வாங்கிருங்க."

"அவரு செவுத்துல மாலையோட இருக்காருங்க."

என் மாமனார் உயிரோடு இருந்தபோதே எதற்கும் ஆட்சேபணை இல்லை என்று சொன்னவர் இல்லை. காப்பியில் சர்க்கரை போட்டால் ஆட்சேபணை, போடாவிட்டாலும் ஆட்சேபணை. பில்லில் பெயர் மாற்றலாம் என்றால் வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். மேச்சேரியில் இருக்கும் என் நாத்தனார், நாங்கள் கிடாய் வெட்டி விருந்து போடாமல் பேனாவைத் தொடமாட்டார்.

"கெணத்து மோட்டாருக்கு வர்ற பில்லு?" என்று ஆடிட்டர் மறுபடி கேட்டார்.

"அது இலவச கரண்டுங்க. பில்லே வராது."

"அப்ப ராசிபுரமே போட்டர்லாங்களா?"

சம்பந்தி இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். எனக்குக் கை இலையிலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இருங்க இருங்க. தவிட்டு ரூம்பு என் பேர்லதான் இருக்குது!"

எருமைக் கொட்டகையை ஒட்டித் தவிடும் புண்ணாக்கும் வைக்க ஓர் அறை கட்டியிருக்கிறோம். கட்டும்போது என் மாமனார் வழக்கம்போல ஆட்சேபித்தார். அவர் மேல் இருந்த கோபத்தில் என் வீட்டுக்காரர் அந்த அறைக்குத் தனி மீட்டர் வைத்து, வீட்டு வரியையும் சேர்த்து என் பெயரிலேயே எழுதிவிட்டார். இந்த உலகத்தில் என் பெயருக்கு பில் வருகிற கட்டடம் அது ஒன்றுதான்.

"தவிட்டு ரூம்புலயா?" என்றார் சம்பந்தி.

"மீட்டர் ஓடுனா எனக்குப் போதுமுங்க," என்றார் ஆடிட்டர்.

ஆட்சேபணை இல்லை என்று மருமகள் அச்சடித்துக் கொண்டுவந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். அன்றைக்குச் சம்பந்தி பக்கத்தில் நின்றதால் கொம்பையும் காலையும் கொஞ்சம் பெரிதாகவே இழுத்தேன். அவர் முடிகிறவரை நின்றுதான் பார்த்தார்.

பதிவு ஆகி, கம்பெனிக்கு நம்பரும் வந்தது. திருச்செங்கோட்டில் போர்டு எழுதி வாங்கி வந்தோம். இனி இரண்டு போட்டோ வேண்டும் என்றார் ஆடிட்டர். வெளியே போர்டு தெரிய ஒன்று, உள்ளே டைரக்டர் உட்கார்ந்திருக்க ஒன்று. வீட்டு மேசையைத் தூக்கிப் போனால் தவிட்டு அறைக் கதவுக்குள் நுழையவில்லை. குறுக்கே திருப்பினோம், தலைகீழாகக் கவிழ்த்தோம், அப்படியும் முடியவில்லை. கடைசியில் தவிட்டு மூட்டைகளை அடுக்கி மேலே ஒரு பட்டுப் புடவையை விரித்தேன். மருமகள் அதற்குப் பின்னால் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தாள். கலெக்டர் கெட்டார் போங்கள், அப்படி ஒரு தோரணை.

அன்று சாயங்காலம் சம்பந்தி போர்டைப் பார்க்க வருகிறார் என்று காலையிலேயே மருமகள் சொல்லியிருந்தாள். நான் அப்போதே கிளம்பினேன். நேரே கடைக்குப் போய் ஒரு திருஷ்டி பூதம் வாங்கி வந்தேன். முண்டைக் கண், முறுக்கு மீசை, நாக்கு மார்பு வரைக்கும் தொங்கும். சம்பந்தி நல்லவர்தான், ஆனால் ராசிபுரத்துக் கண் லேசுப்பட்டதில்லை. முந்தின தடவை வந்தபோது "எருமை நல்லாக் கறக்குமாட்ட இருக்குது" என்று சும்மாதான் சொன்னார். மறுநாள் காலையில் அது பால் சொம்பை உதைத்து வேலிக்கு அப்பால் அனுப்பிவிட்டது. அதனால் கண் முதலில் பூதத்தின் மேல் படட்டும் என்று, போர்டுக்கு நட்ட நடுவில் தொங்கவிட்டேன். மகன் வந்து இரண்டு போட்டோவும் எடுத்து அனுப்பினான். அவன் கண்ணில் ஒன்றும் படவில்லை. எப்படிப் படும்? இந்தப் பக்கத்தில் பூதம் தொங்காத வாசல் ஏது? கதவு, ஜன்னல் மாதிரி அதுவும் ஒன்று.

சம்பந்தி வந்து செருப்பைக் கழற்றவில்லை, அதற்குள் ஆடிட்டர் போன்.

"போட்டோவுல கம்பெனி பேரையே காணமுங்க. ஒருத்தரு நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்கறாரு. அவரும் டைரக்டருங்களா?"

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் எருமையைப் பார்த்தேன்.

"உள்ள எடுத்த போட்டோவுல ஜன்னல் வழியா எருமை எட்டிப் பாக்குது. அதையும் அக்கட்டால ஓட்டுங்க. இன்னைக்குள்ள சரியான போட்டோ வந்தாத்தானுங்க ஆச்சு. இல்லீன்னா ராசிபுரத்துக்கு அட்ரஸ மாத்தறதுதான் வழி."

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். பூதத்தை எடுக்காவிட்டால் போர்டு ராசிபுரம் போய்விடும். எடுத்தால், எந்தக் கண்ணுக்காக மாட்டினேனோ அந்தக் கண் எதிரிலேயே நிற்கிறது.

"சம்பந்தி, நீங்க உள்ள போயி ஒரு வாய் காப்பி குடிங்க," என்றேன்.

"இல்லீங்க, நானும் பாக்கறனே." அவர் பூதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, இதை எனக்குத்தான மாட்டுனீங்க?"

மகன் செல்போனைத் துடைக்க ஆரம்பித்தான். மருமகள் கவனமாக வேப்பமரத்தைப் பார்த்தாள்.

"ஊருக்கே மாட்டுனதுங்க," என்றேன். "நீங்களும் ஊர்ல ஒருத்தருதான?"

சம்பந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "சரி, கழட்டுங்க. நான் கண்ண மூடிக்கறேன்."

சொன்னபடியே வாசலில் நின்று இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் பூதத்தைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டேன். மகன் போட்டோ எடுத்தான். விரல் இடுக்கு வழியாக அவர் பார்க்கிறாரா என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூடித்தானுங்க இருக்கறேன்," என்றார், எப்படியோ தெரிந்துகொண்டு. "வெரசா எடுக்கச் சொல்லுங்க சம்பந்தி, காலுல எறும்பு ஏறுது."

வெளிப் படம் முடிந்தது. உள்ளே எடுக்கும்போது எருமையை மறைக்க ஜன்னல் பக்கம் அவரையே நிறுத்தினோம். அங்கே கண்ணைத் திறந்தவர் மூட்டையைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, இது கலியாணத்துக்கு நான் எடுத்துக் குடுத்த பட்டுப் பொடவையாட்ட இருக்குது?"

"ஆமாங்க. ஒரு நல்ல எடத்துக்குன்னு பத்திரமா வெச்சிருந்தேன்."

அவர் குனிந்து புடவை ஓரத்தில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டார். அந்த மாதிரி நாள் எனக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

போட்டோ சரியாகிவிட்டது என்று பொழுது சாய்வதற்குள் தகவல் வந்தது. பூதத்தை மறுபடி மாட்டினேன், இந்தத் தடவை போர்டுக்குக் கீழே.

பிறகு ஒருநாள் தபால்காரர் கம்பெனிக்கு வந்த முதல் கடுதாசியைக் கொண்டுவந்தார். சர்க்கார் முத்திரை, கம்பெனி பெயர், அதற்குக் கீழே என் தவிட்டு அறையின் விலாசம். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். உள்ளே என்ன இருந்தது என்று மகனுக்குத்தான் தெரியும். எனக்கு உறை போதும். அதைச் சம்பந்தியிடம் காட்டாமல் இருக்க முடியுமா? மினி பஸ் ஏறி, அப்புறம் பெரிய பஸ் மாறி, ராசிபுரம் போனேன். கடுதாசி என் மடியில்தான் வந்தது. உட்கார இடம் கிடைத்தது.

அவர் வீட்டு வாசலுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். நிலைக்கு மேலே ஒரு திருஷ்டி பூதம். எங்களுடையதைவிட ஒரு முழம் பெரியது. இரண்டு கொம்பு வேறு. முன்னால் வந்தபோது அங்கே வெறும் பிள்ளையார் படம்தான் இருந்தது.

"இது எப்பங்க மாட்டுனீங்க?"

"இன்னைக்குக் காலைலதானுங்க." சம்பந்தி என் கையில் இருந்த உறையைப் பார்த்தபடி சொன்னார். "நீங்க வாரீங்கன்னு பொண்ணு போன் பண்ணுச்சு. சும்மா, ஊருக்காக மாட்டுனதுங்க."

நான் தலையை நிமிர்த்தி அதை நிதானமாகப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்து நாக்கை நீட்டியது. எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கிறேன். என் கண்ணுக்குப் பயந்து யாரும் இவ்வளவு பெரியதாக வாங்கி மாட்டியதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். தரையில் என் முகம் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது.