நான்காம் சனிக்கிழமையின் கடைசி ரீல்

டத்தோ கிராமாட்டில் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த சிறிய நூலகத்தில், எழுபதுகளின் கடைசியிலிருந்து சில ஆண்டுகள், மாதந்தோறும் ஒரு தமிழ்ப் படத்தை இலவசமாகக் காட்டினார்கள். நான் அங்கே பார்த்த படங்களில் ஒன்றைத் தவிர வேறெதிலும் வில்லன் தோற்றதே இல்லை. சொத்தைப் பிடுங்கினவன் சொத்தோடு இருந்தான். பழி சுமந்தவள் பழியோடு போனாள். காரணம் எளிது. தமிழ்ப் படத்தில் நியாயம் கிடைப்பது கடைசி ரீலில். நூலகத்தை மூடுவது ஐந்து மணிக்கு. கடைசி ரீலை மாட்ட வேண்டிய நேரமும் ஏறக்குறைய அதுதான்.

இதைச் சொன்னால் இப்போது எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஏற்பாடு இப்படி. மாதத்தின் முதல் சனிக்கிழமை மலாய்ப் படம், இரண்டாவது சீனம், மூன்றாவது ஆங்கிலம், நான்காவது தமிழ். எல்லாம் பிற்பகல் மூன்று மணிக்கு, மாடி மண்டபத்தில். மற்ற மொழிப் படங்கள் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தமிழ்ப் படம் நான்கு ரீல். இரண்டேகால் மணி நேரத்துக்குக் குறையாது. மூன்றோடு இரண்டேகாலைக் கூட்டினால் ஐந்துக்குள் அடங்காது என்பதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. நூலகக் குழுவில் இருந்தவர்கள் அநேகமாக எல்லாரும் பட்டதாரிகள்.

நானும் அந்தக் குழுவில் இருந்தேன். குழுவில் இந்தியர் இருவர் இருக்க வேண்டும் என்று அறக்கட்டளையின் விதி சொன்னது. ஒருவர் தலைவர். இன்னொரு நாற்காலி காலியாக இருந்ததால் அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த என்னைப் போட்டார்கள். அரசு ஊழியர் விதிகள் எனக்குத் தலைகீழாகத் தெரியும் என்ற பெயர் எனக்கு இருந்தது. அது பாராட்டா என்று நான் கேட்டதில்லை.

தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். என்னைப் போலவே யாழ்ப்பாணத்து வழி. எங்கள் இருவரின் தகப்பன்மாரும் வெள்ளைக்காரனின் கந்தோரில் பேனா பிடிக்கக் கப்பலேறி வந்தவர்கள். அவர் நான்காம் சனிக்கிழமைகளில் தவறாமல் வருவார். படம் பார்க்க அல்ல. படத்துக்கு முன்னால் உரையாற்ற.

இருபது நிமிடம், சில நாள் அரை மணி. வாசிப்புப் பழக்கம், சிக்கனம், பிள்ளைகளின் நகத்தை வெட்டுவது, கச்சான் கடலைத் தோலைத் தரையில் போடாமல் இருப்பது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளிலிருந்தும் அக்கம்பக்கத்து வரிசை வீடுகளிலிருந்தும் குளித்து, தலைவாரி, இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். பிள்ளைகளின் நகமெல்லாம் ஒழுங்காகவே இருந்தது. மற்ற சனிக்கிழமைகளில் இப்படி ஓர் உரை கிடையாது. சீனப் படத்துக்கு வந்தவர்களும் கச்சான் தோலைக் கீழே போட்டார்கள். அவர்களுக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை.

ஒருநாள் மாடிப்படியில் அவரை மறித்துக் கேட்டேன்.

"ஐயா, இந்தப் பேச்சு எங்களுக்கு மட்டும் ஏன்?"

"எங்கட ஆக்களுக்கு நாங்கதானே தம்பி சொல்ல வேணும்? வேற ஆர் சொல்லுவினம்?"

"படம் முடியுதில்லை, ஐயா."

"முடிஞ்சா என்ன, முடியாட்டி என்ன? எல்லாம் ஒரே படம்தானே. சனம் ஏர்கண்டிஷனுக்கு வருகுது."

"நீங்கள் ஒரு படமாவது இருந்து பார்த்திருக்கிறீங்களோ?"

"நான் தமிழ்ப் படம் பார்க்கிறேல்லை" என்றார். நான் குடிப்பதில்லை என்று சொல்பவரின் முகம் அப்போது அவருக்கு.

மேடையில் 'எங்கட ஆக்கள்'. குழு அறையில், ஆங்கிலத்தில், 'அந்த மாதிரியான பார்வையாளர்கள்'. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை.

படக்கருவியை ஓட்டியவர் நூலகத்துக் காவலாளி, எங்கள் பேச்சில் ஜாகா. வயதான மலாய்க்காரர், வீடு பாலிக் புலாவில். ஐந்து மணிக்குப் பூட்டினால்தான் அவருக்கு பஸ் கிடைக்கும், விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டும். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாதியில் நின்ற கதைகளில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று அவரே என்னிடம் மலாயில் விசாரிப்பார்.

அப்படி ஒரு நான்காம் சனிக்கிழமை, தாலியைத் திருடியதாக மருமகள்மேல் பழி விழுந்து, பஞ்சாயத்து கூடியதும் விளக்கைப் போட்டுவிட்டார்கள். நான் ஆயர் ஈத்தாம் பஸ்ஸில் ஏறினேன். என் வீடும் அந்தப் பக்கம்தான். படம் பார்த்த பெண்கள் பின் இருக்கைகளை நிறைத்திருந்தார்கள். நடுவில் ஒருத்தி, பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்பவள், பஞ்சாயத்தைத் தானே எடுத்து நடத்திக்கொண்டிருந்தாள்.

"தாலிய மாமியார்தான் ஒளிச்சு வச்சிருக்கு. கடைசியில பாரு, மருமக காலுல வந்து விழும்."

"விழாது லா. அது அந்த மாதிரி ஆளு இல்ல. பைத்தியமாயிடும்."

"மாமியாருக்கு எங்கடி பைத்தியம் பிடிக்கும்? நமக்குத்தான் பிடிக்கும்."

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவள் என்னைக் கண்டுகொண்டாள்.

"அண்ணே, நீங்க லைப்ரரி கமிட்டிதானே? கடைசியில என்ன ஆவும்?"

"எனக்கும் தெரியாதும்மா."

"ஐயோ, உங்களுக்குமா காட்டல!"

சிரிப்பு ஓய்ந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நைட் ஷிப்ட் முடிச்சிட்டுத் தூங்காம வர்றேன் அண்ணே. தியேட்டருக்குன்னா வீட்டுல நூறு கேள்வி கேப்பாங்க. லைப்ரரின்னா வாயத் தொறக்க மாட்டாங்க. எனக்கு இது ஒண்ணுதான். நாங்க பஸ்ஸுலயே முடிவு கட்டிக்கிறோம், சரி. ஒரு படம், ஒரே ஒரு படமாச்சும் கடைசி வரைக்கும் போடச் சொல்லுங்க."

அடுத்த கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வைத்தேன். இரண்டு மணிக்குத் தொடங்கலாம் என்றேன். மதியத்தில் மண்டபம் கூட்டிக் கழுவும் நேரம் என்றார்கள். ஐந்தரைக்கு மூடலாம் என்றேன். சிறப்பு நிகழ்ச்சிக்கு மட்டுமே ஜாகாவுக்குக் கூடுதல் நேரப் படி உண்டு. மாதந்தோறும் நடப்பது சிறப்பு நிகழ்ச்சியாகாது என்றார்கள். மிச்சத்தை அடுத்த வாரம் காட்டலாம் என்றேன். படப்பெட்டி ஒருநாள் வாடகைக்கு வருவது என்றார்கள். கடைசியில் உரையை எடுத்துவிடலாமே என்றேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஒரு ரீலை விட்டுவிட்டால் போகிறது" என்றார் ஆங்கிலத்தில். "இரண்டாவது ரீல் முழுக்கப் பாட்டுத்தான் இருக்கும்."

"எந்தப் படத்தில்?"

"பொதுவாகச் சொல்கிறேன்."

தீர்மானம் நிறைவேறியது. என் எதிர்ப்பு பதிவு செய்யப்பட்டது.

அந்த மாதப் படத்தின் முதல் ரீல், கதாநாயகி கல்லூரிக்குச் சைக்கிளில் போவதோடு முடிந்தது. அடுத்து வந்த மூன்றாவது ரீலின் முதல் காட்சியில் அவள் வெள்ளைச் சேலையில், மடியில் குழந்தையோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மண்டபத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு தொழிற்சாலைக்காரியின் குரல்: "யம்மா, இந்தப் புள்ள எப்பப் பொறந்துச்சு?"

"பாட்டுல பொறந்திருக்கும் லா" என்றது பின்வரிசை.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. கணவன் எப்படிச் செத்தான், யார் கொன்றது, ஒன்றும் தெரியாமல் ஒரு மண்டபம் முழுக்க மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இதில் இன்னொன்று. ஒரு ரீல் குறைந்ததால் நேரம் மிச்சம் என்று தலைவர் தம் உரையை நீட்டியிருந்தார். ஆகவே அன்றைக்கும் முடிவு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அறக்கட்டளையின் விதிகளை எடுத்து உட்கார்ந்தேன். மூடிய பிறகு மண்டபத்தைப் பதிவு பெற்ற சங்கங்கள் வாடகைக்கு எடுக்கலாம். ஜாகாவின் கூடுதல் படி வாடகையிலேயே அடக்கம். எங்கள் அலுவலக இந்திய எழுத்தர் நலச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். அடுத்த நான்காம் சனிக்கிழமை ஐந்து மணியிலிருந்து மண்டபத்தைச் சங்கத்தின் பெயரில் எடுத்தேன். நோக்கம்: கல்வி நிகழ்ச்சி. ஜாகா வீடு போக டாக்சிக்கும் ஏற்பாடு செய்தேன், போக்குவரத்துப் படி என்ற தலைப்பில். ரீல் எதையும் விடக்கூடாது என்று அவரிடம் சொல்லிவைத்தேன். விடுவதில் அவருக்கும் விருப்பம் இருந்ததில்லை.

அன்று தலைவர் உரையை முடித்துக்கொண்டு வழக்கம்போலக் காரில் போய்விட்டார். ஐந்து மணிக்குத் திரை இருண்டது. பழக்க தோஷத்தில் எல்லாரும் எழுந்தார்கள். "கீழே இறங்கி வாசலுக்கு வெளியே நில்லுங்க. பஸ்ஸுக்குப் போயிடாதீங்க" என்றேன். நூலகம் விதிப்படி மூடப்பட்டது. ஜாகா கேட்டைப் பூட்டினார். சாவியை ஒருமுறை எல்லாருக்கும் காட்டினார். பிறகு எங்கள் சங்கத்துக்காகத் திறந்தார். அதே ஆட்கள் அதே படியில் ஏறி அதே நாற்காலிகளில் எங்கள் விருந்தினராக உட்கார்ந்தார்கள்.

கடைசி ரீல் ஓடியது. அண்ணன் நிலத்தைக் களவாடிய தம்பி, நீதிமன்றத்தில் உண்மையை ஒப்புக்கொண்டான். பெண்கள் திரையோடு பேசினார்கள். "விடாதே, இன்னும் கேளு!" "அவன் பொண்டாட்டியக் கூப்பிட்டு விசாரி!" தம்பி அண்ணியின் காலில் விழுந்தான். அண்ணி மன்னித்தாள். 'சுபம்' என்ற எழுத்து அந்த மண்டபத்துத் திரையில் முதல் தடவையாக வந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

தொழிற்சாலைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கோபமாக வந்தாள். "மன்னிச்சிட்டாளே அண்ணே! அவனப் போயி! நாங்க பஸ்ஸுல முடிச்சிருந்தா ஜெயிலுக்கு அனுப்பியிருப்போம்."

"அப்ப பிடிக்கலையா?"

"யாரு சொன்னா? அடுத்த மாசமும் இதே மாதிரி போடுங்க."

குழுவின் அடுத்த கூட்டத்தில் தலைவர் என்னைப் பாராட்டினார். சமூகம் தன் சொந்தக் காலில் நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்றார். தமிழ்ப் படத்தை ஒரு சங்கமே பொறுப்பெடுத்துக்கொண்டதால் இனி நூலகம் அதற்குச் செலவழிக்கத் தேவையில்லை. நான்காம் சனிக்கிழமையை ஆங்கிலக் கல்விப் படங்களுக்கு ஒதுக்கலாம் என்று அவரே முன்மொழிந்தார். சங்கம் எடுத்தது ஐந்து மணிக்குப் பிந்திய மண்டபத்தை மட்டுமே என்று நான் விளக்கினேன். "அப்ப முழுப் படத்தையும் உங்கட சங்கமே போடலாமே" என்று என் பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னார். மலாய், சீன உறுப்பினர்கள் இரண்டு இந்தியர்களின் வழக்கில் தலையிட விரும்பவில்லை. மூத்தவர் பக்கம் கை தூக்கினார்கள்.

சங்கத்தில் கேட்டேன். "அடுக்குமாடிச் சனத்துக்கு நம்ம சந்தாவுல படமா? அவங்க நம்ம மெம்பரா?" என்றார் ஒருவர். மெம்பர் இல்லை. விதிப்படி அவர் சொன்னது சரி. கட்டணம் வைக்கலாம் என்றால், அதற்கு உரிமம் வேண்டும், கேளிக்கை வரி கட்ட வேண்டும். அதைவிட, டிக்கெட் என்று வந்துவிட்டால் அது தியேட்டர். அந்தப் பெண்ணின் வீட்டில் நூறு கேள்வி.

அடுத்த நான்காம் சனிக்கிழமை நான் படியடியில் நின்றேன். மாற்றத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். தமிழில் இல்லை. வழக்கம்போல வந்தார்கள். வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒதுங்கி வழிவிட்டேன். மேலே போனார்கள். ஏதோ குளிர்நாட்டின் பால்பண்ணைகளைப் பற்றிய படம். மாடுகள், பிறகு இயந்திரங்கள், மறுபடியும் மாடுகள். நம் படம் பின்னால் வரும் என்று நம்பி யாரும் எழுந்திருக்கவில்லை. உரை இல்லை. தலைவர் முன்வரிசையில் அமர்ந்து முழுவதையும் பார்த்தார்.

ஐந்துக்கு வெகுநேரம் முன்பே விளக்கைப் போட்டுவிட்டார்கள். அவள் இறங்கி நேராக என்னிடம் வந்தாள்.

"நம்ம படம் எங்க அண்ணே?"

"நிறுத்திட்டாங்கம்மா."

"யாரு?"

"கமிட்டி."

"கமிட்டின்னா நீங்கதானே?"

"நானும்தான்."

"நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டேன். எதிர்த்தேன். பதிவாயிருக்கு."

"பதிவாயிருக்கா" என்றாள். "அத எந்தச் சனிக்கிழமை அண்ணே போடுவாங்க?"

பதிலுக்கு நிற்கவில்லை. மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். பின்னாலேயே தலைவர் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கி வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பார்த்தீரா தம்பி, எவ்வளவு வடிவா நேரத்துக்கு முடிஞ்சுது."

அத்தனை வருடத்தில் அன்றுதான் அவரிடம் 'ஐயா' போடாமல் பேசினேன். கீழே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் தலைதூக்கிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, எங்கள் இருவர் வீட்டிலும் பேசும் தமிழில் பேசினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. அன்று முடிக்காமல் நிறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை.