குண்டு பல்பு வெளிச்சத்தில் என் கருப்பு வேட்டி

தேர்வாய் கண்டிகையில் கம்பெனி பஸ்சுக்காக நின்றிருந்தபோது, தெரிந்த தம்பி ஒருவனிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, போட்டோ எடுக்கிற அருள்ராஜ் சார் பூட்டாரு. நாஷ்டா முடிச்சிக்கினு நாற்காலில சாஞ்சாராம், அவ்ளோதான்." அழுகை முட்டியது. கூடவே, படுக்கையில் கிடந்து அவதிப்படாமல் போனாரே என்று நிம்மதியாகவும் இருந்தது. அவரை நினைத்தாலே எனக்கு நிம்மதிதான் முதலில் வரும்.

தடயவியல் பிரிவில் படம் எடுத்தவர் அவர். அவருக்கு அஞ்சலி செலுத்த இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்குச் சக ஊழியர். எனக்கோ, என் வேட்டியை ஒழுங்காகப் பார்த்த முதல் மனிதர்.

சில வருஷங்களுக்கு முன்பு சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். பஸ்சில் சீட்டுக்காக, கூட வேலை செய்யும் ஒருவனோடு வாய்ச்சண்டை. விரதக்காரன் வாயை அடக்கியிருக்க வேண்டாமா? என் நாக்கில் சனி. மறுநாள் அவன் கத்திக்குத்துப் பட்டு நினைவில்லாமல் கிடந்தான். போலீஸ் நேராக என்னிடம் வந்தது. என் கருப்பு வேட்டியில் விறைப்பாக ஒரு திட்டு. பஜனையில் சிந்திய வெல்லப் பானகம் அது. "டேய், ரத்தத்தப் போய் பானகம்ன்றியா?" என்று அதட்டினார் ஒரு போலீஸ்காரர். கருப்புத் துணியில் எது எதுவென்று யாருக்குத் தெரியும்? என் வாழ்க்கை அந்தத் திட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அருள்ராஜ் சார் கேமராவோடு வந்தார். வேட்டியைக் கைப்பற்றிய தாளில் 'வேட்டியில் கரை உள்ளது' என்று எழுதியிருந்தார்கள். "எல்லா வேட்டிக்கும் கரை கீதுய்யா. கறைன்னா பெரிய ற போடு" என்று சிரித்தார். பிறகு என் கழுத்து மாலையைப் பார்த்து, "பயப்படாதீங்க சாமி" என்றார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்! காலையிலிருந்து 'டேய்' மட்டுமே கேட்டிருந்த நான் உடைந்து அழுதுவிட்டேன்.

ஸ்டேஷனின் எல்.இ.டி. விளக்கில் அகச்சிவப்பு ஒளி வராது என்று, எதிர் டீக்கடையின் போண்டாப் பெட்டிக்குள் எரிந்த குண்டு பல்பைக் கேட்டு வாங்கினார். அந்த வெளிச்சத்தில், அகச்சிவப்பை மட்டும் பதியவிடும் வடிகட்டியைக் கேமராவில் மாட்டி எடுத்த படத்தை எனக்கும் காட்டினார். கருப்பு வேட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. "சாயம் மறைஞ்சிடும் சாமி. ரத்தம்னா கருப்பா நிக்கும்." தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. "சாமியே சரணம்!" என்று கத்திவிட்டேன்.

"இருங்க சாமி. படம் தீர்ப்பு சொல்லாது. எங்க பாக்கணும்னுதான் சொல்லும். லேப் சொல்லட்டும்."

லேப்பும் ரத்தமில்லை என்றது. குத்துப்பட்டவன் கண் விழித்து வேறொருவன் பெயரைச் சொன்னான். நான் மலைக்குப் போய்வந்தேன். பிரசாதப் பாயசத்தைக் கொடுத்தபோது, "வேட்டில சிந்தாம கொணாந்தீங்களா சாமி?" என்று கேட்டாரே, மனுஷன்!

நேற்று பொன்னேரியில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, "நீங்க யாரு?" என்றார். வாய் தவறி, "சாமி" என்றேன்.

"பானகம் சாமியா!" அழுகைக்கு நடுவே சிரித்தார். "ரத்தம் தெரியிற படம் எடுத்த அன்னிக்கு ஊட்ல அவருக்குச் சோறே எறங்காது. உங்க படம் எடுத்த அன்னிக்கு ரெண்டாவது தபா கேட்டு வாங்கி சாப்ட்டாரு."

அந்தப் படம் என்னிடம் இல்லை. ஏதோ கோப்பில் இருக்கும். அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட அந்த இரண்டாவது சோற்றை நான் வைத்துக்கொள்கிறேன்.